வலது பக்கத்துக் கிட்டார்

முதலில் அது ஒரு ஸ்டூல் முனகுகிற சத்தமாகத்தான் இருந்தது.

சத்தம் என்றுகூடச் சொல்லிவிட முடியாது. ஸ்பீக்கரை முழுவதும் ஏற்றி வைத்து, ஏசியை நிறுத்தி, மேசைமேல் முழங்கையை ஊன்றி முன்னால் சாய்ந்து கேட்டால், இரண்டாவது பாட்டின் நடுவில் ஓரிடத்தில், மரக்கால் ஒன்று தன் பொருத்துக்குள் லேசாகத் திரும்புவது போல ஒன்று வந்து போனது. வேறு யாராக இருந்தாலும் விட்டிருப்பார்கள். அவளால் விட முடியவில்லை. அந்த நேரத்தில் ஸ்பீக்கரிலிருந்து எதுவுமே வரக்கூடாது. எதுவும் வரவில்லை என்று உறுதி செய்துகொள்ளத்தான் அவள் அதை ஓட்டிக்கொண்டிருந்தாள்.

அவள் வேலை ஒலிப்பதிவு. ஒரு தையல் கடைக்குக் கீழே, ஜன்னல் இல்லாத இரண்டு அறைகள். ஒன்றில் மேசை, கணினி, ஸ்பீக்கர்கள். தடித்த கண்ணாடிக்கும் இரும்புச் சட்டமிட்ட கதவுக்கும் அந்தப் பக்கம் வாசிக்கிற அறை. சுவரெல்லாம் கறுப்பு ஸ்பாஞ்சு. ஈரமும் பசையும் சூடேறிய ஒயரும் சேர்ந்த வாடை எப்போதும் இருக்கும். உள்ளே வந்து கதவைச் சாத்திவிட்டால் மேலே வெயிலா மழையா என்பது தெரியாது.

ஹெவி மெட்டல் பாட்டில் கிட்டார் ஒரு பெரிய சுவர் மாதிரி எழுந்து நிற்பதைக் கேட்டிருப்பீர்கள். அதைக் கட்டுகிற விதம் எளிமையானது. வாசிப்பவன் ஒரு முறை வாசிப்பான். அதை இடது காதில் வைப்பார்கள். அதையே மறுபடி முதலிலிருந்து வாசிப்பான். அது வலது காதுக்கு. எந்த மனிதனாலும் ஒன்றையே இரண்டு தடவை அச்சு அசலாக வாசிக்க முடியாது. மயிரிழை முன்னே பின்னே போகும். அந்த மயிரிழைதான் சுவரின் அகலம். ஒன்றையே நகலெடுத்து இரண்டு பக்கமும் வைத்தால் அகலம் போய்விடும். நட்ட நடுவில் ஒரு கம்பம்தான் நிற்கும்.

அவளுடைய அண்ணன் எட்டுப் பாட்டுக்கும் இடது பக்கத்தை வாசித்து முடித்திருந்தான். வலது பக்கத்தை வாசிக்க அவன் இல்லை.

ஆகவே அவள் நகலெடுத்தாள். நகலைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் கொஞ்சம் முன்னே கொஞ்சம் பின்னே நகர்த்தி, இன்னொரு தடவை வாசித்தது போலச் செய்துவிடலாம் என்பது எண்ணம். வாரக்கணக்கான வேலை. தொடங்குவதற்கு முன் நகல் பழுதில்லாமல் வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கு நகலின் அலையைத் தலைகீழாகத் திருப்பி, மேட்டைப் பள்ளமாகவும் பள்ளத்தை மேடாகவும் ஆக்கி, அசலோடு சேர்த்து ஓட்டுவாள். இரண்டும் ஒன்றேயானால் ஒன்றை ஒன்று தின்றுவிடும். மிச்சம் எதுவும் இருக்காது. அவள் இதைக் கழித்துப் பார்ப்பது என்று சொல்வாள்.

முந்தின நாள் கழித்துப் பார்த்தபோது முழு அமைதி. இன்று காலை அதே நகல். ஒரு ஸ்டூல் முனகியது.

கணினியில் ஏதோ கோளாறு என்று நினைத்தாள். நகலை அழித்துவிட்டு மறுபடி எடுத்தாள். கழித்துப் பார்த்தாள். அமைதி. நிம்மதியாகக் கதவைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

*

அண்ணன் வாசித்த மெட்டல் குழுவில் அவனுக்கு 'சுவர்' என்று பெயர். வேகவேகமாகச் சோலோ வாசிப்பவருக்கு 'மின்னல்'. பாட்டு ஓடும் நேரத்தில் பெரும்பகுதி அண்ணன் வாசிப்பதுதான் கேட்கும். கூட்டத்துக்கு நினைவில் நிற்பது மின்னல் வாசித்த இருபது நொடி. போஸ்டரில் அண்ணனுடைய கிட்டாரின் தலைப்பகுதி மட்டும் ஓரத்தில் தெரியும். மேடையிலிருந்து இறங்கியதும் ரசிகர்கள் அவன் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி மின்னலிடம் கைகுலுக்குவார்கள். அவன் கொஞ்சம் குனிந்து வழிவிடுவான்.

அவன் வாசிப்பில் ஒரு பிடிவாதம் உண்டு. மேலும் கீழுமாகக் கையை ஆட்டினால் பாதி உழைப்பில் அதே வேகம் வந்துவிடும். எல்லோரும் அப்படித்தான் வாசிக்கிறார்கள். அவன் ஒவ்வொரு அடியையும் கீழ்நோக்கியே அடிப்பான். கீழே, கீழே, கீழே. ஒவ்வொன்றும் ஒரே கனம். அந்தக் கனத்தைத் தனியாகக் கேட்டு யாரும் பாராட்டியதில்லை. ஒரு முறை மேடையில் அவன் ஒயர் பிடுங்கிக்கொண்டது. பாட்டு சட்டென்று உள்ளீடற்றுப் போனது. கூட்டம் அப்போதுதான் தலையைத் தூக்கியது. என்ன குறைந்தது என்று தெரியாமல் எல்லோரும் மின்னலைப் பார்த்தார்கள்.

"நீ எப்போடா முன்னாடி வந்து நின்னு வாசிப்ப?" என்று அம்மா கேட்பாள்.

"நான் நிறுத்துனா தெரியும்மா, எங்க நின்னேன்னு" என்பான்.

அவன் இறந்தது பேருந்து நிறுத்தத்தில். முதுகில் கிட்டாரோடு பெஞ்சில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. தூங்குகிறான் என்று நினைத்திருக்கிறார்கள். வெயில் அவன் முகத்துக்கு வந்து, முகத்தைத் தாண்டியும் போன பிறகுதான் யாரோ தோளைத் தொட்டிருக்கிறார்கள்.

இழவு வீட்டுக் கூட்டம் கலைந்து கொஞ்ச நாளில் மின்னல் போன் செய்தார்.

"தங்கச்சி, வலது பக்கம் நான் வாசிக்கிறேன். எட்டும் எனக்கு மனப்பாடம்."

"உங்களுக்கு சோலோதானேண்ணா மனப்பாடம்."

"சரி, திட்டு. வாங்கிக்கிறேன்." அவர் சிரிப்பதும் நிறுத்துவதும் கேட்டது. "ஆனா யோசிம்மா. நகல் எடுத்து ஒட்டுறவங்கள அவன் என்ன திட்டு திட்டுவான்? உனக்கே தெரியும். அதையே அவனுக்குப் பண்ணப் போறியா?"

"ஒரு பக்கம் அவன், ஒரு பக்கம் நீங்கன்னு வச்சா கேக்குறவங்க உங்க பக்கத்தத்தான் கேப்பாங்க."



"அது என் தப்பாம்மா?"

"இல்லண்ணா. அதான் பிரச்சனையே."

அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. இது அவனுடைய கடைசிப் பதிவு. ஒரே ஒரு தடவையாவது, கேட்பவனின் இரண்டு காதிலும் அவன் மட்டுமே இருக்க வேண்டும். வழிவிடாமல், குனியாமல்.

*

மறுநாள் கழித்துப் பார்த்தபோது ஸ்டூல் சத்தம் திரும்பி வந்திருந்தது. அதோடு இன்னொன்றும். தடித்த கம்பியின் முறுக்கு வரிகளின்மேல் ஒரு விரல் இடம் மாறும்போது எழுகிற சீறல், பாம்பு தரையில் திரும்புவது போல மெதுவாக, கவனமாக, இன்னும் சரியாகப் பழகாத ஒருவர் இடம் தேடுவது போல. இடது பக்கத்து அசலில் அந்த இடத்தில் சீறல் இல்லை. அதை அவள் பலமுறை கேட்டுப் பார்த்தாள். இல்லை.

அழித்தாள். மறுபடி நகலெடுத்தாள். அமைதி. மறுநாள் வந்தால் மிச்சம் இருக்கிறது. கணினியை மாற்றினாள். இணைய ஒயரைப் பிடுங்கிவிட்டாள். தெரிந்த மெக்கானிக் ஒருவர் வந்து, திறந்து பார்த்து, தூசி தட்டி, "எல்லாம் நல்லாத்தாங்க இருக்கு, நீங்கதான் சரியா தூங்குற மாதிரி தெரியல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மிச்சம் வளர்ந்தது. கம்பியை மீட்டுகிற பிளெக்ட்ரம் வில்லை உரசும் கிளிக் ஓசை வந்தது. பிறகு மூச்சு. பாட்டு நின்று தொடங்குகிற இடைவெளிகளில், மைக்குக்கு மிக அருகில், பல்லிடுக்கு வழியாக உள்ளே இழுக்கப்படும் மூச்சு. அண்ணன், கிட்டாரின் ஓசை வெளிவருகிற ஸ்பீக்கர் பெட்டிக்கு முன்னாலேயே உட்கார்ந்து வாசிப்பவன். அவன் மூச்சு எப்போதும் பதிவில் கொஞ்சம் ஏறிவிடும். இந்த எட்டுப் பாட்டைத் தவிர ஒவ்வொரு முறையும் அவள் அதைத் துடைத்துச் சுத்தம் செய்வாள், அவன் சிரிப்பான். அதனால் அந்த மூச்சைக் கேட்டபோது அவள் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று இளகியது.

ஒரு காலையில் தையல்காரர் அவளைப் படியில் நிறுத்தினார்.

"போறப்போ கீழ ஏதோ மெஷின நிறுத்த மறந்துடுறம்மா நீ."

"என்ன மெஷின்?"

"என்னக் கேட்டா? தரை அதிருது. கத்தரிக்கோல் மேசை மேல தானா நகர்ந்து நகர்ந்து கீழ விழுது. நேத்து ஒருத்தருக்கு இடுப்பளவு எடுத்தா ரெண்டு இஞ்ச் கூட வருது."

"அது அதிர்வு இல்லண்ணே. சாப்பாடு."

"நானும் அதத்தான் சொன்னேன், கோவிச்சுக்கிட்டாரு." சிரித்தவர் ஊசியை வாயிலிருந்து எடுத்தார். "ஆனா ஒண்ணும்மா. மனுஷன் வாசிச்சா நடுவுல கொஞ்சமாவது நிறுத்துவான். கை வலிக்கும், தண்ணி குடிப்பான். இது நிக்கவே இல்ல. அதான் மெஷின்னு சொல்றேன்."

அவள் கீழே இறங்கினாள். பூட்டு பூட்டியபடி இருந்தது. உள்ளே எல்லாம் அணைந்திருந்தது. வாசிக்கிற அறையில் ஸ்டூல் பெட்டிக்கு முன்னால் இருந்தது. அங்கேதான் அது எப்போதும் இருக்கும். பெட்டியின் மேல் கை வைத்தாள். சூடாக இல்லை. மிகக் குளிர்ந்திருந்தது, உள்ளங்கை ஒட்டிக்கொள்ளும் அளவுக்கு.

அன்று கழித்துப் பார்த்தபோது மிச்சம் என்று எதையும் தனியாகச் சொல்ல முடியவில்லை. எல்லாமே மிச்சமாக இருந்தது. இடது பக்கத்தில் ஒரு கிட்டார். வலது பக்கத்தில் ஒரு கிட்டார். ஒன்று இன்னொன்றின் நகல் அல்ல. எட்டுப் பாட்டும். முதல் அடியிலிருந்து கடைசி அடிவரை யாரோ புதிதாக உட்கார்ந்து வாசித்திருந்தார்கள். கீழே, கீழே, கீழே. ஒரே கனம்.

தலைகீழாகத் திருப்பியதை நேராக்கிவிட்டு ஹெட்போனை மாட்டினாள். சுவர் எழுந்தது. அண்ணன் உயிரோடு இருந்தபோதுகூட இவ்வளவு அகலமாக எழுந்ததில்லை. அவள் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, பயத்தாலா வேறு எதனாலா என்று தெரியாமல், எட்டுப் பாட்டும் ஓடி முடியும்வரை அழுதாள்.

அதற்குப் பிறகு அவள் அதை அழிக்கவில்லை.

*

வீட்டில் அம்மா துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். அண்ணனுடைய சட்டைகளை இன்னும் துவைத்து, இஸ்திரி போட்டு, அலமாரியில் வைத்துக்கொண்டுதான் இருந்தாள். யாரும் கேட்டதில்லை.

"அம்மா, இதக் கொஞ்சம் கேளு. அண்ணன் வாசிச்சது."

"எனக்கு அந்த இரைச்சல் என்னடி புரியும்?" என்றாலும் மடித்த சட்டையை மடியில் வைத்துக்கொண்டு ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். கண்ணை மூடினாள். முகம் மெதுவாகக் கனிந்தது. பிறகு புருவம் சுருங்கியது. வலது காதிலிருந்து ஹெட்போனை விலக்கினாள். மறுபடி வைத்தாள். விலக்கினாள்.

"இந்தப் பக்கம் அவன்" என்றாள், இடது காதைத் தொட்டு. "இந்தப் பக்கம் யாரு?"

"ரெண்டும் அவன்தாம்மா."

"இல்ல."

"உனக்கு எப்படித் தெரியும்? நீ எப்பவாவது உட்கார்ந்து கேட்டிருக்கியா?"

"உட்கார்ந்து கேக்கல. பக்கத்து ரூம்ல வருஷக்கணக்கா அடிச்சான், கேக்காம என்ன பண்றது?" அம்மா சட்டையின் காலரை விரலால் நீவிக்கொண்டிருந்தாள். "நிறுத்துற இடத்துல எல்லாம் 'ஹா'ன்னு ஒரு மூச்சு விடுவான். மூட்டைய இறக்கி வைக்கிற மாதிரி. இந்தப் பக்கம் விடுறான். அந்தப் பக்கம்..."

"அந்தப் பக்கம்?"

"இழுக்குதுடி. உள்ள இழுக்குது. இழுத்துக்கிட்டே இருக்கு. விடவே இல்ல."

ஹெட்போனைக் கழற்றி அவள் கையில் திணித்துவிட்டு, அம்மா தன் வலது காதை உள்ளங்கையால் தேய்த்தாள்.

"காது சில்லுன்னு இருக்கு. எடுத்துட்டுப் போ அத."

அவள் அப்போதே திரும்பிப் போனாள். வெளியே நல்ல வெயில். படியிறங்கிக் கதவைச் சாத்தியதும் அதுவும் போனது. இடைவெளிகளை மட்டும் வெட்டியெடுத்து வரிசையாக ஒட்டினாள். இடது பக்கம்: இழுப்பு, 'ஹா', இழுப்பு, 'ஹா'. களைத்த ஒரு மனிதன். வலது பக்கம்: இழுப்பு. இழுப்பு. இழுப்பு. முதல் பாட்டில் தொடங்கி எட்டாவது பாட்டுவரை. எங்கும் ஒரு முறைகூட அது வெளியே வரவில்லை. எட்டுப் பாட்டையும் ஒரே மூச்சில் வாசித்திருந்தது.

வலது பக்கம் முழுவதையும் அழித்தாள். குப்பைத்தொட்டிப் பகுதியிலிருந்தும் அழித்தாள். பிறகு போனை எடுத்தாள்.

"மின்னலண்ணா, நீங்களே வந்து வாசிச்சிடுங்க. இன்னைக்கே வர முடியுமா?"

*

மாலைக்கு முன்பே வந்தார். வழியில் திடீர் மழையில் மாட்டியிருந்தார். தலைமுடியெல்லாம் முகத்தில் ஒட்டியிருந்தது. கிட்டார் உறையை மார்போடு அணைத்தபடி படியிறங்கினார்.

"நான் நனைஞ்சா காஞ்சிடுவேன். இது நனைஞ்சா கடன்" என்றார். பிறகு கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஸ்டூலைப் பார்த்ததும் பேச்சு நின்றது.

"அதுலயே உட்காரவா?"

"வேற நாற்காலி தரேண்ணா."

"வேணாம். அதுலயே." மூக்கை உறிஞ்சினார். "ஒண்ணு சொல்லிடுறேன். வாசிச்சது நான்தான்னு எங்கயும் போடாத. எட்டுக்கும் அவன் பேரு மட்டும் போடு. அவன மாதிரியே வாசிக்கிறேன். கீழ மட்டும் அடிச்சு. யாருக்கும் வித்தியாசம் தெரியக் கூடாது."

அவரிடம் சொல்லிவிடத்தான் வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது.

"வலது பக்கத்துல ஒண்ணு பதிவாகுதுண்ணா. யாருமே வாசிக்காம."

அவர் அவளையே பார்த்தார். "சுவரா?"

"அம்மா இல்லங்கிறாங்க."

நனைந்த கையை அவள் தலைமேல் வைத்தார். "போன வாரம் நான் அவன் நம்பருக்குப் போன் பண்ணேன். ரெண்டு ரிங் போற வரைக்கும் நினைவே இல்ல. இப்படித்தாம்மா இருக்கும் கொஞ்ச நாளைக்கு." அவர் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்.

முதல் முறை பாதியிலேயே நிறுத்திவிட்டார். கையை உதறினார். பேசுகிற மைக்கில் அவர் குரல் வந்தது. "இது மனுஷக் கை வாசிச்சது இல்ல. சாணை பிடிக்கிற சக்கரம். எப்படித்தான் அடிச்சானோ படுபாவி." இரண்டாவது முறையும் தடுமாறினார். அவரை அறியாமல் கை மேல்நோக்கி ஆடிவிட்டது. "அடச்சீ! தங்கச்சி, பாத்தியா? இத்தனை வருஷம் இவன் பக்கத்துல நின்னு நான் ஊர ஏமாத்தியிருக்கேன்." சிரித்தார். அவளும் சிரித்தாள். பல வாரங்களுக்குப் பிறகு அந்த அறையில் உயிருள்ள ஒரு மனிதனின் தவறுகள் கேட்டன. அது அவளுக்கு எவ்வளவு இதமாக இருந்தது என்று சொல்ல முடியாது.

மூன்றாவது முறை நன்றாகப் போனது.

அவள் கண்ணை மூடிக் கேட்டாள். இடது ஸ்பீக்கரில் அண்ணன். வலது ஸ்பீக்கரில் மின்னல், கொஞ்சம் பின்தங்கி, கொஞ்சம் கனம் குறைந்து, மூச்சு வாங்கிக்கொண்டு. பரவாயில்லை. சுவர் நின்றது. முதல் சரணம் கடந்தது. இரண்டாவது சரணத்தில் வலது பக்கம் இன்னும் நெருங்கி வந்தது. கனம் ஏறியது. கீழே, கீழே, கீழே. நல்ல வாசிப்பு என்று நினைத்தாள். மிக நல்ல வாசிப்பு.

பிறகு சுவரின் இரண்டு ஓரங்களும் மெதுவாக உள்ளே வரத் தொடங்கின.

கண்ணைத் திறந்தாள். ஓசை இடதிலிருந்தும் வரவில்லை, வலதிலிருந்தும் வரவில்லை. நட்ட நடுவில், அவள் நெற்றிக்கு நேராக, ஒரே ஒரு கிட்டார் நின்றது.

கம்பம்.

நகலை அழிக்க மறந்துவிட்டேன், அதுதான் ஓடுகிறது என்று அவள் முதலில் நினைத்தாள். அந்தத் தொழிலில் இருக்கும் எவரும் அதைத்தான் நினைப்பார்கள். திரையைப் பார்த்தாள். நகல் இல்லை. வலது பக்கத்தில் இருந்தது மின்னல் இப்போது வாசிக்க வாசிக்க நீண்டுகொண்டிருக்கிற சிவப்புப் பட்டை மட்டும்.

பழக்கத்தில் அவள் விரல் போனது. வலது பக்கத்தைத் தலைகீழாகத் திருப்பி இடதோடு சேர்த்தாள்.

அமைதி.

ஒரு கிளிக் இல்லை. ஒரு சீறல் இல்லை. இறந்துபோன ஒருவன் முன்பு வாசித்ததையும், உயிரோடு ஒருவர் இந்தக் கணத்தில் வாசிப்பதையும் கழித்தால் மிச்சம் எதுவும் இல்லை. அப்படி நடக்க முடியாது. நடந்துகொண்டிருந்தது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மின்னல் வாசித்துக்கொண்டிருந்தார். தலை குனிந்திருந்தது. ஈர முடி முகத்தை மறைத்திருந்தது. மணிக்கட்டு மட்டும் இறங்கியது. இறங்கியது. இறங்கியது. கம்பியின்மேல் ஏதோ சிவப்பாகத் தெறித்தது. அவர் நிறுத்தவில்லை.

"அண்ணா, போதும்" என்று பேசுகிற மைக்கில் சொன்னாள். "கை கிழிஞ்சிருக்கு. நிறுத்துங்க."

அவர் தலையைத் தூக்கினார். கண்கள் அவளைக் கண்டுபிடித்தன. அவை அவருடைய கண்கள்தான். கெஞ்சின. வாய் திறந்திருந்தது. மார்பு ஏறிக்கொண்டிருந்தது.

ஏறிக்கொண்டே இருந்தது.

அவள் நிறுத்துகிற பொத்தானை அழுத்தினாள். திரையில் கோடு நின்றது. இடது பக்கம் நின்றுவிட்டது. இனி கழிக்க எதுவும் இல்லை. இனி மின்னலின் கிட்டார் வெடித்துக்கொண்டு கேட்க வேண்டும்.

கேட்கவில்லை.

ஒலியளவு காட்டும் மீட்டரைப் பார்த்தாள். வலது முள் ஏறி இறங்கியது. இடது முள்ளும் ஏறி இறங்கியது. சேர்ந்து. ஒரே உயரத்துக்கு. இடது பக்கத்தைப் பதிவு செய்கிற ஒயர் எதிலும் செருகப்படாமல் சுவரில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

எழுந்து ஓடினாள். நாற்காலி பின்னால் விழுந்தது. விழுந்த சத்தம் வரவில்லை. கைப்பிடி குளிர்ந்திருந்தது. தோளால் தள்ளினாள். கதவு திறந்தது. ஸ்பீக்கர் பெட்டியின் முகப்புத் துணி அதிர்ந்து அதிர்ந்து மங்கலாகத் தெரிந்தது. தரை அவள் பாதத்தில் துடித்தது. தக் தக் தக் தக். காதுக்கு எதுவும் இல்லை. ஏசி இல்லை. அவள் காலடி இல்லை.

மின்னலின் மார்பு சட்டையை நிறைத்திருந்தது. கழுத்து நரம்புகள் கயிறுகளாக நின்றன. உதடு நீலம். கை கீழே. கை கீழே. சட்டையின் பொத்தான் ஒன்று தெறித்தது. தரையில் விழுந்து உருண்டது. சத்தமில்லை. இன்னொன்று. சத்தமில்லை.

"அண்ணா!" என்று கத்தினாள்.

தொண்டை அதிர்ந்தது. நாக்கு அசைந்தது. அவள் குரல் வெளியே வரவில்லை. அதே சொல்லை, அதே கணத்தில், அவளுக்கு வலது பக்கத்தில் மிக அருகே, ஏதோ ஒன்று தலைகீழான அலையாகச் சொல்லி, அவள் குரலைத் தின்றிருந்தது.

வலது காது சில்லிட்டது.

மறுபடி கத்துவதற்காக மூச்சை உள்ளே இழுத்தாள்.

இழுத்தாள்.

இழுத்துக்கொண்டே இருந்தாள்.